சிமியோனின் ஐந்து நாள்

“கடல் தண்ணியைக் குடிச்சியோ, எடேய், அடுத்த செத்தவீட்டுப் பூசை உனக்குத்தான்!”

சிமியோனின் குரலிலேயே தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு, வாயருகே கொண்டுபோன கையை உதறினான் சந்தியோகு. வள்ளத்தில் வேறு யாருமில்லை. எஞ்சின் நின்று இது மூன்றாம் நாள். குடிதண்ணீர்க் கான் நேற்றே காலி. எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை இல்லை.

போர்க்காலம்; கடலில் கண்டவரைச் சுடும் நேவிக்குப் பயந்து யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒருவரும் தொழிலுக்குப் போகாத நாட்கள் அவை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. “சிமியோன் அண்ணை ஒற்றைக்காலோடை தனியப் போய், அஞ்சு நாள் கடல்லை கிடந்து திரும்பினவர். எனக்கு ரெண்டு கால் இருக்கு” என்று மனைவி பெர்னடெட்டிடம் சொல்லிவிட்டுத்தான் இவன் புறப்பட்டான்.

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கரையில் இருந்து கிழிந்த வலை பொத்திக் கொடுப்பவர் சிமியோன். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அந்தக் கதையை அவர் சொல்லாத நாளில்லை.

“அண்ணை, போன கிழமை நாலு நாள் எண்டியள்!” என்று சனம் பகிடி பண்ணும்.

“அஞ்சாம் நாள் நித்திரையாப் போனனான். அதை எண்ணேல்லை” என்பார்.

சந்தியோகு அவர் சொன்னபடியே செய்தான். வலையில் கிடந்த பச்சை மீனைக் கடித்துச் சாற்றை உறிஞ்சினான். உடுத்திருந்த சாரத்தை நனைத்துத் தலையில் போட்டான். ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டபோது குப்புறப் படுத்து மூச்சை அடக்கினான்.

நாலாம் நாள் காலை, தூரத்தில் பனைகள் கறுப்பாய்த் தெரிந்தன. நீந்திவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டான்.

“வள்ளத்தை விட்டவன் கரையைக் கண்டதில்லை!” மறுபடியும் அவன் வாயில் சிமியோனின் குரல்.

காலை உள்ளே இழுத்தான். துடுப்பை நட்டுச் சாரத்தைப் பாயாகக் கட்டினான். சோளகக் காற்று கரைப்பக்கம் மெல்லத் தள்ளியது.

பின்னேரம் வள்ளம் குருநகர்க் கரையை நெருங்கியது. பெர்னடெட் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதாள்.

“சிமியோன் அண்ணை எங்கை? அவரின்ரை கதைதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது.”

சனம் விலகியது. சிமியோனின் மனைவி லூர்த்தம்மா முன்னே வந்தாள்.

“என்ன கதை, தம்பி? மயிலிட்டியிலை ஐஸ் கொம்பனியிலை ஐஸ் உடைச்ச மனிசன். மிசினுக்குள்ளை கால் போச்சுது. கடலுக்கு ஒரு நாளும் போனதில்லை. வந்த இடத்திலை ஆரும் மதிக்காயினம் எண்டு புளுகினது.”

“அப்ப... ஆள் எங்கை?”

“‘என்ரை புளுகை நம்பியெல்லோ போனவன்’ எண்டு சொல்லி, முந்தநாள் விடிய உன்னைத் தேடித் தனிய வள்ளமெடுத்துக்கொண்டு போனவர், தம்பி. இன்னும் வரேல்லை.”

சந்தியோகு கரையில் கால் வைக்கவில்லை.

“ஓடுற எஞ்சின் ஒண்டும், ஒரு கான் தண்ணியும் தாங்கோ.”