பேசினா வலி போயிடுமா?

“வலி தோள்பட்டையில இருக்கு மேடம், வாயில இல்ல. உக்காந்து பேசித் தீர்க்க இதென்ன வாய்க்கால் வரப்புச் சண்டையா?”

பெயிண்டர் உட்காரவில்லை. மனநல ஆலோசகரின் மேசைக்கு முன்னால் நின்றபடியேதான் கத்தினார். மனைவிக்குத் தோள்பட்டை வலி. ஒன்றரை மாதமாக, சனிக்கிழமை தவறாமல் அவளை இந்த மருத்துவமனைக்குக் கூட்டி வந்து, வாசலில் தேவுடு காத்தவர் அவர். இன்று பொறுமை போய்விட்டது. அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே உள்ளே நுழைந்துவிட்டார். அவளும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

“அவங்களுக்கு இங்க வர்றது பிடிச்சிருக்கே?” என்றார் ஆலோசகர்.

“ஏன் பிடிக்காது? ஒரு மணி நேரம் புருஷனைப் பத்திக் குறை சொல்லலாம்னா யாருக்குத்தான் பிடிக்காது? ஊசி இல்ல, மாத்திரை இல்ல, வெறும் பேச்சு. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா அவ ஒன்பது சொல்லுவா. இப்போ வாயைத் திறக்கிறதே இல்ல. நேத்து அவ அண்ணனுக்குப் போன் போட்டு, ‘கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா’ன்னு கேக்கறா. என் காதால கேட்டேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

கடைசிக் கேள்வியில் குரல் தடுமாறியது. அதை மறைக்க மேசையை ஓங்கித் தட்டினார், இடது கையால். அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் ராத்திரி முழுக்க அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. பயம் வந்தால் மனுஷனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“வலி எப்படி இருக்கும்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?”

“சொல்ல வேற செய்யணுமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது? கழுத்துக்குக் கீழ ஆரம்பிக்கும். கம்பியைக் காய்ச்சி இறக்கின மாதிரி முழங்கை வரைக்கும் ஓடும். சட்டையில கையை நுழைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு ரோலரைத் தூக்கினா, சீலிங்கைத் தொடுறதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சிடும்...”

“உங்க மனைவி சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பாங்களா?”

பெயிண்டர் சட்டென்று நிறுத்தினார். தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்த எரிச்சலில் முகம் சிவந்துவிட்டது.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷமா. வீட்டுக்குத் தெரியாம டாக்டரைப் பாத்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு. பழகிக்கோங்கன்னுட்டாரு. எதைப் பழகிக்கிறது? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளை வெச்சுக்குவாரு. வீட்டுல சொன்னா அவ அழுவா. அதான் மூச்சு விடல. அதுக்குப் பதிலா கத்துறேன். தட்டு சத்தம் கேட்டா கத்துறேன். பொண்ணு சிரிச்சா கத்துறேன். என் தோளை நானே திட்ட முடியுமா? கிடைச்சவங்களைத் திட்டுறேன்.”

எப்போது நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அதன் பிறகு ஆலோசகர் ஒன்றிரண்டு கேள்விகள்தான் கேட்டார். ஏணியில் ஏறும்போது வருகிற நடுக்கம், கைமாற்றி இடது கையால் அடித்துக் கோணலாய்ப் போன சுவர், அதற்கு வாங்கிய ஏச்சு என்று அவர் கொட்டித் தீர்த்தார். கோபமாகத்தான் பேசினார். ஆனால் மேசை தப்பித்தது.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

“இது அவளோட நேரம். என் புராணத்தைப் பாடி வீணாக்கிட்டேன். என் வலி கிடக்கட்டும் மேடம். அவளைக் கூப்பிட்டு அவ தோளுக்கு ஏதாவது வழி சொல்லுங்க. வலி குறைஞ்சா ஒருவேளை என்னோடயே இருந்துடுவா.”

ஆலோசகர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

“உங்ககிட்ட சொல்லலாம்னு அவங்களே அனுமதி குடுத்திருக்காங்க. அவங்க தோள்ல எந்த வலியும் இல்லைங்க. உங்களை விட்டுட்டுப் போகாம, நீங்க மறைக்கிற வலியோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு கேக்கத்தான் வாராவாரம் வந்தாங்க.”