நோட்டில் ஏறிய கிணறுகள்

பெரம்பலூரில் பரிமளா ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடத்துகிறாள். மழை பொய்க்கிற பயத்தை அங்கே எல்லோரும் மனசு விட்டுப் பேசுவார்கள். கடைசி நாற்காலியில் உட்காரும் ஒருவர் மட்டும் வாய் திறப்பதில்லை. கிணறு வற்றியதாகச் சொல்பவர்களில் சிலருடையதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவர் வரத் தொடங்கிய நாலாவது வாரம் பரிமளா அவரை மடக்கினாள்.

"ஆபீசருங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப போர் போட ஆள் புடிக்கிறீங்களா?"

"போர் வண்டி வச்சிருந்தேன். போன வருஷம் வித்துட்டேன்."

"பின்ன எதுக்கு எழுதுறீங்க?"

நோட்டை நீட்டினார். பதினெட்டுக் கிணறுகள். கடைசியாக, அன்று அவளே சொல்லியிருந்த அவள் அப்பாவின் கிணறு.

"இதுக்கெல்லாம் பக்கத்துக் கொல்லையில ஆயிரம் அடிக்குப் போர் எறக்குனது நான்தாம்மா. அடுத்த வாரம் நான் பேசலாமா?"