பேகத்தின் கால்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பழவேற்காட்டு ரஷீதா. ஐம்பத்தாறாம் வருஷம் தை மாசம், கும்மிடிப்பூண்டி ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தபோது சொன்னாள். மீஞ்சூரில் இருக்கிற தன் அண்ணி மெஹர்னிசாவைப் பற்றித்தான் பேச்சு.

மெஹர்னிசா செல்லமாக ஒரு கோழி வளர்த்தாள். பேர் பேகம். கொல்லைப் படலைத் தாண்டி அதை வெளியே விட்டதே இல்லை. ஒரு நாள் படல் திறந்திருந்த நேரம் பார்த்து அது வெளியே போய்விட்டது.

பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் கன்னியம்மா. களையெடுத்துப் பிழைக்கிறவள். அவள் பாயில் காயப்போட்டிருந்த கேழ்வரகில் பேகம் வாயை வைத்தது. கன்னியம்மா ஒரு சுள்ளியை எடுத்து வீசினாள்.

கோழி நொண்டிக்கொண்டே ஓடியது.

"ஐயையோ! என் பேகம் காலை ஒடிச்சிட்டியே!"

மெஹர்னிசா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"பாயம்மா, சத்தியமா சின்னச் சுள்ளிதான். மேல பட்டுச்சா இல்லியான்னுகூடத் தெரியல."

"படாமயா நொண்டுது? இந்தக் காலோட இது என் ஊட்டுக்கு வராது. உன் ஊட்லயே வெச்சு வைத்தியம் பாரு. நேரா நடந்தப்புறம் கொண்டாந்து விடு."

"எம் பொண்ணுக்கு ஏழு மாசம். நிக்க முடியாம சுருண்டு படுத்துக்கினு கீறா. அவளைப் பாக்கறதா, உன் கோழியைப் பாக்கறதா?"

அந்தப் பெண் முத்தம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கை இரண்டும் குச்சி குச்சியாக.

மெஹர்னிசா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டையும் பாரு."

எதிர்வீட்டு தேசப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கோழிக்காவ ஏழையைப் போட்டு இப்படி வாட்டலாமா, பாயம்மா?"

"உன் காளை காலை ஒடிச்சிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப, நைனா?"

தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதோடு விட்டாளா? மறுநாள் ஒரு படி நொய்யைக் கொண்டுபோய் வைத்தாள். "என் கோழி கண்டதைத் தின்னாது. இதைத்தான் போடணும்."

தினமும் காலையில் படலோரம் வந்து நின்று, "பா... பா..." என்று கூப்பிடுவாள். பேகம் நொண்டி நொண்டி ஓடிவரும்.

"பாரு, இன்னும் சாஞ்சுக்கினுதான் நடக்குது. எண்ணெய் தேய்ச்சியா? கட்டு எங்க?"

கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பெண்ணெய் தேய்த்தாள். "மகாராணிக்குக் கால் அமுக்கியாச்சா?" என்று தேசப்பன் அவளைக் கிண்டல் செய்வார்.

நாலாம் நாள் பேகம் முட்டை போட்டது. கன்னியம்மா அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"உன் கோழி முட்டை, பாயம்மா. புடி."

மெஹர்னிசா கையை நீட்டவில்லை.

"உன் ஊட்ல போட்ட முட்டை எங்களுக்கு ஆவாது. கொண்டு போ."

கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் எல்லாருக்கும் புரிந்தது.

"அஞ்சு வேளைத் தொழுகை தவறாது. மனசு மட்டும் இப்படி," என்றார்கள்.

கன்னியம்மா விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். முட்டையை வேகவைத்து மகள் கையில் திணித்தாள்.

"தின்னுடி! அவங்களுக்கு ஆவாதது நமக்காவது ஆவட்டும்."

அப்புறம் பேகம் முட்டை போடும்போதெல்லாம் அப்படித்தான்.

கேட்டுக்கொண்டு வந்த நான், ஆண்டவன் மன்னிக்கட்டும், மெஹர்னிசாவை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

முத்தம்மாவுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தது. ஒரு மாசம் கழித்து, கன்னியம்மா கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்குத்தான் ரஷீதாவும் பழவேற்காட்டிலிருந்து அண்ணியைப் பார்க்க வந்திருந்தாள்.

"பாயம்மா, மூணு மாசமா தேய்ச்சுக்கினே கீறேன். இந்தக் கால் நிமிர மாட்டேங்குது. வேற கோழி வாங்கித் தரேன், என்னை விட்டுடு."

"வேற கோழி எனக்கெதுக்கு? இதுதான் நேரா நடக்கணும். அதுவரைக்கும் உன் ஊட்லதான் இருக்கும்."

"நல்லா வந்து மாட்னேன்!" என்று முணுமுணுத்தபடி கன்னியம்மா திரும்பிப் போனாள். போகும்போதே அவள் விரல் கோழியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

ரஷீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணி, இது போன வருஷம் நான் கொண்டாந்து குடுத்த கோழிதானே? குஞ்சா இருக்கும்போதே வண்டிச் சக்கரத்துல மாட்டி நொண்டியாப் போனதாச்சே! ஆயுசுக்கும் இது எப்படி நேரா நடக்கும்?"

மெஹர்னிசா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசுடி! மாசமா இருக்கற பொண்ணு ஆச்சேன்னு முன்னாடியே நாலு முட்டை குடுத்தனுப்பினேன். சும்மா வாங்கிப் பழக்கமில்லன்னு அந்த ரோஷக்காரி திருப்பி அனுப்பிட்டா. நான் வேற இன்னா பண்றது? இப்போ அந்தப் பொண்ணு பால் குடுக்கறவ வேற."

நீங்கள் எப்போதாவது மீஞ்சூர்ப் பக்கம் போனால், கோழிக்குக் கால் தேவலையா என்று மட்டும் கன்னியம்மாவிடம் கேளுங்கள். வேறெதுவும் சொல்லிவிடாதீர்கள்.