முதல் நான்கு இடங்கள்

“பேத்தி ஏழாவதுங்களா, எட்டாவதா?”

தலைமையாசிரியை கேட்டதும் பெரியவர் திருதிருவென்று விழித்தார். இல்லாத பேத்திக்கு வகுப்பு மட்டும் எப்படி இருக்கும்?

“எட்டு” என்றார், குத்துமதிப்பாக.

ஊரிலேயே பெரிய பள்ளிக்கு அவர்தான் முதல்வர். டையைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, ரப்பர் செருப்பும் சாயம்போன சட்டையுமாகத் துப்பறிய வந்திருந்தார். போன வருடம் கணிதத் திறனறித் தேர்வில் முதல் நான்கு இடங்களையும் இந்த ஓட்டைப் பள்ளி தட்டிக்கொண்டு போய்விட்டது. இந்த வருடமும் போனால் நாற்காலியைக் காலி செய்யும்படி நிர்வாகம் சொல்லியாயிற்று.

எங்கோ தில்லுமுல்லு நடக்கிறது. வினாத்தாள் கசிகிறதா, கொல்லைப்புறமாக யாராவது கில்லாடி வந்து சொல்லிக்கொடுக்கிறானா? பீரோவின் பின்பக்கத்தைக்கூட அவர் எட்டிப் பார்த்துவிட்டார். ஒரு உடைந்த கரும்பலகையும் ஒரு பல்லியும்தான் இருந்தன.

“கணக்கு வாத்தியார் யாரும்மா?”

“ரெண்டு வருஷமா ஆள் போடலைங்க ஐயா. நான் சரித்திரம். தெரிஞ்சதை நான் சொல்லுவேன், தெரியாததைப் பிள்ளைங்க எனக்குச் சொல்லும்.”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

“வாத்தியார் இல்லாம பிள்ளைங்க எப்படிம்மா தேறும்?”

“பள்ளிக்கூடம்னா நாலு சுவருங்க. பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு.”

ஏசி வகுப்பறைகளும் பதினோரு கணக்கு ஆசிரியர்களும் வைத்துக் கட்டி மேய்ப்பவரிடம் இந்தக் கதையா? சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். தாழ்வாரத்தில் ஒழுகும் இடத்துக்கு வைத்திருந்த வாளியைத் தாண்டிப் போனார்.

படிக்கட்டில் நான்கு மாணவிகள் ஒரே தாளின்மேல் கவிழ்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அது அப்படி வராதுடி, மக்கு.”

“தலைகீழா போட்டுப் பாரு, வரும்.”

“போட்டேன். உன் மூஞ்சிதான் வருது.”

அவர் நிழல் விழுந்ததுதான் தாமதம், நால்வரும் சட்டென்று எழுந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே குரலில் “குட்மார்னிங் சார்” என்றார்கள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவர்களாகக் கிளுகிளுவென்று சிரித்தபடி உட்கார்ந்தார்கள்.

கூரை ஒழுகினாலும் ஒழுக்கம் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தார். விடை சரி, வழிதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழி. அவருடைய பள்ளியில் இதற்குப் பூஜ்யம்தான். கணக்கைத் திரும்ப ஒருமுறை பார்த்தபோது, அது தமக்கே தோன்றியிருக்காது என்பது உறைத்தது.

கசியவும் இல்லை, கில்லாடியும் இல்லை. அறைக்குத் திரும்பியவர் கதவைச் சாத்திவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அம்மா, எனக்குப் பேத்தியே கிடையாது. அந்தப் பெரிய ஸ்கூல் பிரின்சிபால் நான்தான்.”

தலைமையாசிரியைக்குத் தூக்கிவாரிப் போடும் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்ததோடு சரி.

“ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பொண்ணு கல்யாணம் வேற நிக்குது. உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன், ஒளிக்காம சொல்லுங்க. இந்த நாலு ரத்தினத்தையும் எந்த ஸ்கூல்லேருந்து பொறுக்கி எடுத்தீங்க?”

“குடிங்க சார், முதல்ல.”

குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

“நீங்க டி.சி. குடுத்து அனுப்பின பிள்ளைங்கதான் சார்.”