சிவப்புப் பெட்டி

மறுபடியும் அந்தச் சிவப்புப் பெட்டி வந்து திரையில் இருந்த பெண்ணின் வாயை மறைத்துக்கொண்டது.

அவள் 'ஆ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மூக்குக்கு மேலே மட்டும்தான் தெரிந்தாள்.

கோமதி பெட்டியின் ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். போனது. திரைப் பெண் 'ஈ'க்கு வாயை இழுத்தாள்.

பெட்டி திரும்ப வந்தது.

வைரஸ் தடுப்பைப் புதுப்பிக்க முடியவில்லை. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் பாதி 'ஈ'யோடு காத்திருந்தார்.

பக்கவாதத்தில் சிதம்பரநாதனுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சி வீடியோக்களைக் காலையில் காபி குடித்த கையோடு போட்டுவிடுவாள். அந்தப் பெண்ணின் உதட்டைப் பார்த்துப் பார்த்து அவர் சொல்ல வேண்டும்.

உதடுதான் தெரியமாட்டேன் என்றது.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். வைரஸ் தடுப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். இணைப்பைப் பிடுங்கிச் செருகினாள். மகள் பெங்களூரிலிருந்து ஃபோனில் சொன்னதையெல்லாம் அழுத்தினாள். கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரரே வந்தார்.

"பழைய மெஷின்க்கா. புதுசா ஒண்ணு எடுத்திருங்க" என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சிக்கு நாம பேசுறதெல்லாம் வெளங்குமா?"

"டாக்டராலயே சொல்ல முடியல" என்றாள் கோமதி.

சிதம்பரநாதன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

முன்பெல்லாம் வீட்டில் மிக்ஸி நின்றாலும், மோட்டார் நின்றாலும், இந்தக் கணினி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவாள். இப்போது தண்ணீர் வேணுமா, சோறு போடட்டுமா, பாத்ரூம் போகணுமா. இவ்வளவுதான் கேட்கிறாள். அதையும் குழந்தையிடம் கேட்பதுபோலச் சத்தமாக.

பெட்டியை மூடினாள். வந்தது. மூடினாள். வந்தது.

"ம…" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தாள்.

"மணி."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை.

"ஒம்பதாகப் போகுதுங்க!" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

அவர் தலையை ஆட்டினார். "மணி."

"பசிக்கா? தோசை ஊத்தட்டுமா?"

"மணி!"

இடது கையால் மேசையைத் தட்டினார். பிறகு எட்டி, திரையின் கீழ்மூலையில் விரலை வைத்தார்.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

கணினியில் மணி தப்பாக இருந்தது. அதன் கீழே தேதியும் தப்பு. வருஷமும்.

அந்த வருஷத்தில் மகளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கணினி அங்கேயே உட்கார்ந்திருந்தது. இன்றைய தேதி போட்டு வந்த எதையும் அது நம்பவில்லை. வந்த எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

தேதியைச் சரிசெய்தாள். ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து நிரம்பியது. பெட்டி வரவில்லை.

"இதைத்தான் சொல்ல வந்தீங்களா, இவ்வளவு நாளும்?"

அவர் 'ஊ'வுக்கு உதட்டைக் குவித்தார்.

மறுநாள் காலையில் கணினியைப் போட்டதும் பெட்டி வந்தது. தேதி பழைய வருஷத்துக்கே போயிருந்தது.

கோமதி யோசிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"இப்ப என்னங்க?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டினார்.

"வடையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. சிரித்து முடித்து, அவள் கைக்கடிகாரத்தைத் தொட்டார். மறுபடி வட்டம். பிறகு கணினிப் பெட்டியின் வயிற்றைத் தட்டினார்.

"இதுக்குள்ளயும் வாட்ச் பேட்டரி இருக்கா?"

"ம்."

ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டால் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது அந்தக் குட்டி பேட்டரிதான். அது செத்து எவ்வளவு காலமோ.

மூடியைக் கழற்றினாள். பழையதை நெம்பி எடுத்துக்கொண்டு வாட்ச் கடைக்குப் போய், அதேபோல ஒன்று வாங்கி வந்தாள். அவர் விரல் காட்டிய இடத்தில் வைத்தாள்.

"ம்ஹூம்."

திருப்பி வைத்தாள்.

"ம்."

தேதியைச் சரிசெய்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டாள். தேதி நின்றது. பெட்டி வரவில்லை. திரைப் பெண் முழு வாயோடு 'ஆ' என்றாள்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோமதியின் வலது கைப் பக்கம் கிடந்தது.

வீடியோவை நிறுத்தினாள். மவுஸை எடுத்து அவருடைய இடது கைக்குக் கீழே வைத்தாள். அவர் அழுத்தினார். விரல் தப்பான பொத்தானில் விழுந்தது.

"இதை மாத்த முடியுமா?"

"ம்."

திரையில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டாள். இங்கயா? ம்ஹூம். இங்க? ம். மவுஸின் இரண்டு பொத்தான்களும் இடம் மாறின.

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார்.

அதிலிருந்து அவள் எதை அழுத்தினாலும் வேறு ஏதோ வந்து நிற்கிறது. பழையபடி வைத்துக்கொள்ளம்மா என்கிறாள் மகள். கோமதி வைத்துக்கொள்ளவில்லை.

"ஏங்க, கரண்ட் பில் கட்டுற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாதாமாதம் இதே கணினியில் அவள்தான் கட்டுகிறாள்.