வாய் திறக்கும் உரிமை

அல்லிக்குளத்துக் கொக்குகள் ஒன்றுகூடி ஒரு சட்டம் போட்டன: "குளத்துக்குள் யாரும் சத்தம் போடக் கூடாது." சத்தம் கேட்டால் மீன் கலைந்து ஓடிவிடுகிறதாம்.

சொக்கி என்ற தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டது, பாடாமல் எப்படி இருப்பது? நண்டு வக்கீலைக் கையோடு கூட்டிக்கொண்டு எருமை நீதிபதியிடம் போனாள். எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபடியே வழக்கை விசாரித்தது.

"குளத்துச் சட்டங்களுக்கெல்லாம் மேலே காட்டுச் சட்டம் இருக்கிறது, ஐயா. மழை வந்தால் வாய் திறக்க எல்லா உயிருக்கும் உரிமை உண்டு என்கிறது அது" என்றது நண்டு.

கொக்குத் தலைவர் சிரித்தார். "வாயைத் திறக்க வேண்டாம் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? தாராளமாகத் திறக்கட்டும். சத்தம் மட்டும் வரக் கூடாது."

சொக்கி பதறிப்போய் நண்டைப் பார்த்தாள். நண்டோ குஷியாகக் கொடுக்கைத் தட்டியது. "ஒப்புக்கொள்கிறேன், ஐயா. இந்த நீதிமன்றமும் குளத்துக்குள்தான் இருக்கிறது. மீதி வாதத்தைத் தலைவர் அப்படியே செய்யட்டும்."

எருமை தலையாட்டியது. கொக்கு அலகைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"ஒன்றும் கேட்கவில்லையே" என்றது எருமை.

"இதென்ன அநியாயம்! என் பக்கத்தை நான் சொல்ல வேண்டாமா?" என்று கொக்கு கத்தியேவிட்டார்.

"அதைத்தானே நாங்களும் கேட்கிறோம்!" என்றாள் சொக்கி.

அந்த நேரம் பார்த்து முதல் தூறல் விழுந்தது. எருமை தீர்ப்பை வாசித்தது. தவளைகள் போட்ட சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை.