எட்டுப் பேருக்கு வேலை

“நீ கெட்டது போதாதுன்னு எங்க பொழப்பையும் சேத்துக் கெடுக்கிறியாப்பா?”

மில் வாசலில், அத்தனை பேர் முன்னால் பூமாலை இப்படிக் கேட்டாள். சங்கத் தலைவர் தென்னரசு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லில் கரண்டுக்காக இனி நிலக்கரி எரிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. மில்லை ஒட்டியே, மயிலம் ரோட்டுப் பக்கம் சோலார் பேனல் வைக்கிறார்கள். கரி அள்ளியவர்களில் இளவட்டப் பையன்கள் எட்டுப் பேருக்கு அங்கே வேலை. மற்றவர்களுக்கு ஒரு கும்பிடு.

“கரி அள்ளுன அத்தினி பேரையும் எடுக்கட்டும். பொம்பளைங்களையும் சேத்துத்தான். இல்லன்னா பேனல் ஏத்திக்கினு வர்ற லாரி உள்ள போவாது” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் தென்னரசு.

மில் அசையவில்லை. அந்த எட்டு வேலையும் அந்தரத்தில் நின்றது. எட்டில் ஒருவன் பூமாலையின் மகன் வல்லரசு.

“எம்புள்ளைக்கு வந்த வேலைய நிறுத்த நீ யாரு? எனக்கு வேலை வாங்கிக் குடுன்னு உங்கிட்ட வந்து நின்னனா?”

தென்னரசு வெற்றிலையைத் துப்பினார்.

“நீங்களும்தானக்கா கரி அள்ளுனீங்க.”

அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் முகத்தில் பூமாலை விழிக்கவில்லை. அவர் டீ குடிக்கிற கடையைத் தாண்டிப் போய், தண்ணீர் டீ போடுகிற கடையில் குடித்தாள்.

திடீரென்று ஒருநாள் மில் இறங்கி வந்தது. எல்லோருக்கும் வேலை. வல்லரசுக்கு ஒயரிங் சொல்லிக்கொடுத்தார்கள். பூமாலைக்கும் கூடக் கரி அள்ளிய அஞ்சம்மாளுக்கும் பேனல் துடைக்கிற வேலை.

முதல் நாள் சாயங்காலம் பூமாலை குழாயடியில் கை கழுவினாள். தண்ணீர் கறுப்பாகப் போகவில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கழுவினாள்.

“தென்னரசு எங்கடி? ஆளையே காணோம்?”

“பாண்டில ஏதோ லாட்ஜில வாட்ச்மேனா பூட்டாராம்க்கா” என்றாள் அஞ்சம்மாள்.

“பாத்தியா! பேஜாரு பண்றதெல்லாம் பண்ணிட்டு, நம்மள அம்போன்னு உட்டுட்டு ஏசி லாட்ஜா பாத்துப் பூட்டான். இவன்லாம் ஒரு லீடரு!”

பக்கத்துக் குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர் கோதண்டபாணி திரும்பினார்.

“அவரா போகலம்மா. எல்லாரையும் எடுத்துக்கிறோம், அவரு மட்டும் வேணாம்னு முதலாளி சொன்னாரு. தென்னரசும் சரின்னுட்டாரு.”

பூமாலை குழாயை மூட மறந்தாள்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார்... சொல்லக்கூடாதுன்னு கண்டிசன் போட்டீங்களா?”

“நாங்க போடலம்மா. அது அவரு போட்ட கண்டிசன்” என்றார் மேனேஜர். “தெரிஞ்சா நீங்க யாரும் வேலைக்கு வரமாட்டீங்கன்னு நம்புனாரு.”